நிற்காத ரத்தம்

என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. கவ்வாத்துக்குப் போகிற ஆள் அவர். தேயிலைச் செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டிச் சாய்க்கிற அந்த வேலையில் அவர் நிரையை யாரும் எட்டிப் பிடித்ததில்லை. அப்படிப்பட்டவர் தண்ணீர் பிடிக்கிற பீலியிலிருந்து எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறுகிற நாலு படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, புதுப்பொண்ணு மாதிரி நின்னு நின்னு வர்றீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். அவர் எப்போதுமே பதில் சொல்கிற ஆள் இல்லை. வீட்டில் பேச்சு எல்லாம் என் பொறுப்பு.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று வாய் சொல்கிறதே தவிர, நாங்கள் படுத்துத் தூங்கிய ஒற்றை அறைக் காம்பராகூட எங்களுடையது இல்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. மழை பிடித்தால் விடாத ஊர். மழையோடு அட்டையும் வரும். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் எல்லாரும் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் போவோம். அப்படியும் திரும்பி வரும்போது விரல் இடுக்கில் ரெண்டு மூன்று கொழுத்துத் தொங்கும். பிடுங்கிப் போட்டுவிட்டு நெருப்புப்பெட்டித் தாளைக் கிழித்து ஒட்டிக்கொள்வோம். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பிறகு நிற்கும். அதை ஒரு காயமாக யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக்கொண்டிருந்தபோதே என் வீட்டுக்காரர் விழுந்தார். உதடு நீலமாக இருந்தது. தோட்டத்து மருந்துக்கார ஐயா அதுவரை இருமலுக்கு என்று ஒரு சிவப்புத் தண்ணீரைக் கொடுத்து வந்தார். அன்றைக்கு அவர் முகமே மாறிப்போய், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. மலையிலிருந்து இறங்கிப் போகவேண்டிய ஒரு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

அங்கே இருந்த டொக்டர் வடக்கிலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, ஒரு மடிப்புக் கலையாது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார். கெண்டைக்காலில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் கவ்வாத்துக் கத்தி வழுக்கி இறங்கிய இடம். அந்தக் காயம் ஆறும் வரை அவர் காலை அசைக்காமல் படுத்தே கிடந்தார். அதைச் சொன்னதும் டொக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கால்ல ரத்தம் உறைஞ்சு, அது மேல ஏறிப் போய் நுரையீரலுக்குப் போற குழாயை அடைச்சிருக்கு" என்றார்.

எனக்கும் விளங்கியது. பீலியில் இலை போய் அடைத்தால் தண்ணீர் வராது இல்லையா, அப்படி. நல்ல விளக்கம். யார் கேட்டாலும் நம்பக்கூடிய விளக்கம். நானும் நம்பினேன், அவரும் நம்பினார், எங்களைவிட அதிகமாக டொக்டர் நம்பினார்.

முதலில் ஊசி போட்டார்கள். பிறகு ரத்தத்தை இளக்குகிற மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இளகின ரத்தம் உறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிடும், புதிதாக உறையவும் விடாது. ஆனால் உடம்பில் ஒரு கீறல் பட்டாலும் லேசில் நிற்காது. "சவரக்கத்திகூடப் படக்கூடாது" என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் காவல்காரி ஆனேன். கவ்வாத்துக் கத்தியைக் கூரை இடுக்கில் ஒளித்து வைத்தேன். அவருக்குத் தாடி வளர்ந்தது. லயத்து ஆட்கள் சாமியார் என்று கேலி செய்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். மீன் சமைத்தால் முள்ளை நானே எடுத்துப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே அட்டை. வாசலில் சாக்கைப் போட்டு அதில் புகையிலைத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். வேலை முடிந்து வந்தால் முன் தாழ்வாரமான இஸ்தோப்பிலேயே நின்று என் காலையும் சேலைக் கரையையும் உதறிப் பார்த்த பிறகுதான் உள்ளே போவேன். அவரை மழையில் வெளியே விடவே இல்லை. கக்கூசுக்குப் போனாலும் பின்னாலேயே போய் நிற்பேன்.

"என்ன புள்ள, என்னைய எவனாவது தூக்கிட்டுப் போயிருவானா?" என்பார்.

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கதையில் எல்லாமே அதில்தான் வந்து நின்றது.

அவருக்குக் குணமாகவில்லை. முதலில் படியேறினால் வந்த இளைப்பு, பிறகு தரையில் நடந்தாலே வந்தது. உடம்பு உருகியது. சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. மாதாமாதம் பஸ் பிடித்துப் போய் டொக்டரிடம் காட்டுவோம். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதற்கு வேண்டிய மருந்துச் சாமான் கொழும்பிலிருந்து வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். ஆகவே டொக்டர் ரத்தத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நீர் மருந்தை ஒழுங்காக் குடுக்கிறேல்ல" என்றார்.

"குடுக்கிறேங்கய்யா. ஒரு நாளுகூட விட்டதில்ல."

"குடுத்திருந்தா இதுக்குள்ள சுகமாயிருக்கும். உங்கட ஆக்களை எனக்குத் தெரியும். ரெண்டு நாள் நல்லா நடந்தா மருந்தைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, கையில ஒரு நூலைக் கட்டிக்கொண்டு திரிவினம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. கையில் நூல் கட்டியிருந்தது உண்மைதான். நூலும் கட்டினோம், மாத்திரையும் கொடுத்தோம். ரெண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று யார் சொன்னது? நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொரிந்து தள்ளினேன். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? முழுங்குறது நீங்க, குடுக்கிறது நான். ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"படிச்சவங்ககிட்ட எதுத்துப் பேசுனா வைத்தியம் பாக்காம விட்டுருவாங்க. விடு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு தடவை மூச்சு வாங்கினார். நான் மிச்சத்தை முழுங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமும் அதே பேச்சு. அடுத்த மாதமும் அவர் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். டொக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். இந்தத் தடவையாவது சரியாகக் கொடு என்று அங்கே காத்திருந்த எல்லாரும் கேட்கச் சொன்னார்.

என் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, பக்கத்துக் காம்பராவில் இருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை அவனுக்கு. அண்ணன் என்றால் உயிர். அண்ணன் இளைக்க இளைக்க இவனும் இளைத்தான். பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

"அண்ணி, அட்டை கடிச்சா ரத்தம் சீக்கிரம் நிக்காதுல்ல?"

"நிக்காது. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப அதோட வாயில ரத்தத்த இளக்குற ஏதோ ஒரு மருந்து இருக்குல்ல?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒன்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தால், அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பிறந்ததிலிருந்து அட்டைக் கடியில் வளர்ந்த ஆள் வேறு எப்படி யோசிப்பான்? டொக்டரின் மாத்திரை செய்கிற வேலையை அட்டையும் செய்கிறது. மாத்திரை வாய் வழியாகப் போய் எங்கெல்லாமோ சுற்றுகிறது. அட்டையை ரத்தம் உறைந்த காலிலேயே வைத்தால் நேராகக் கேட்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. வரக்கூடாத வீட்டில் வந்தது.

நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே லயத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அப்படியே ஓடினேன், கொழுந்து வழியெல்லாம் சிந்தியது.

காம்பராவுக்குள் அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு நனைந்து கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பால் டின். வயிறு நிறைந்த அட்டைகள் தரையில் கிடந்தன. அவை விழுந்த இடத்தில் எல்லாம், பழைய தழும்பைச் சுற்றி, ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் நெருப்புப்பெட்டித் தாளை ஒட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தாளும் மிதந்து வழுக்கி விழுந்தது.

"கெட்ட ரத்தம்தான் போகுதுன்னு நெனச்சேன் அண்ணி. நிக்க மாட்டேங்குதே அண்ணி."

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். ஓங்கிய கையால் அவன் கையைப் பிடித்து இழுத்து அந்தக் காலில் வைத்து அமுக்கினேன். "எடுக்காத. செத்தாலும் கைய எடுக்காத" என்றேன். என் சேலையைக் கிழித்துச் சுற்றினேன். சுற்றச் சுற்றச் சிவந்தது.

அவர் என்னைப் பார்த்து, "அவன ஏசாத. நான்தான் சரின்னேன்" என்றார்.

தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு அட்டன் டவுனுக்குப் போயிருந்தது. நல்ல நேரம், டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி அரிசி மூட்டை இறக்க வந்திருந்தார். நான் ரத்தக் கையோடு அவருடைய லொறிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறக்காத மூட்டைகளோடு அப்படியே திருப்பினார். என் வீட்டுக்காரரை அந்த மூட்டைகளுக்கு மேலே படுக்கவைத்தோம்.

அந்த ரோட்டில் வளைவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வளைவிலும் லொறி சாயும்போது எங்கள் கை காலிலிருந்து வழுக்கியது. கொழுந்தன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நீலமாக இருந்தவரைக்கும் எனக்குப் பயம் இருந்தது. வெள்ளையாக மாறத் தொடங்கியபோது பயம்கூட இல்லை.

டொக்டர் ஓடி வந்தார். முதலில் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்தார். பிறகு ஊசி, யாரோ ஒருவருடைய ரத்தம், இறுக்கமான கட்டு. எல்லாம் முடிந்து கால் ஒருவாறு அடங்கிய பிறகு அந்தக் குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் ஓடியது. மறுபக்கம் சாய்த்தார். ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சாய்த்தார். அது உறைகிற மாதிரியே தெரியவில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மாதிரி அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்கள் மருந்தை ஒழுங்காத்தான் குடுத்திருக்கிறியள்" என்றார்.

கை முழுக்கக் காய்ந்த ரத்தத்தோடு நின்ற எனக்கு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் பொங்கியது. ஜெயித்துவிட்டேன். இனி நம்மை நம்புவார்கள், ஒழுங்காக வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தன் வாங்கிக் கொடுத்த பிளேன்டீயை ஒரு மகாராணி போல நின்று குடித்தேன். அவனிடம் கோபம்கூடப் போய்விட்டது.

மறுநாள் மறுபடியும் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். டொக்டர் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு ரெண்டு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"இதைப் பாருங்கோ. முந்தி இவ்வளவு. இப்ப இவ்வளவு. வளர்ந்திருக்கு."

"மாத்திரைய இன்னும் கூட்டணுமாங்கய்யா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நீங்கள் குடுக்கேல்ல எண்டு நினைச்சபடியாத்தான் நான் இவ்வளவு நாளும் இதை உறைஞ்ச ரத்தம் எண்டே நம்பினனான். ரத்தம் உறையவே ஏலாத உடம்பில, உறைஞ்ச ரத்தம் எப்பிடி வளரும்? இது வேற. ரத்தக் குழாயின்ர சுவரில சதை முளைச்சு வளருது. புற்றுநோய் மாதிரி. இப்பிடி ஒண்டு இருக்கெண்டு புத்தகத்தில வாசிச்சிருக்கிறன். கண்ணால கண்டதில்லை."

"வெட்டி எடுக்க முடியாதுங்களா?"

"அந்த இடத்தில ஏலாது. இங்கயும் ஏலாது, கொழும்பிலயும் ஏலாது."

"அப்ப மாத்திரை?"

"இனி வேண்டாம். அதால ஒரு பிரயோசனமும் இல்லை. நிப்பாட்டுவம்."

அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நான் மாத்திரை கொடுக்காதவளாக இருந்திருந்தால், இது ரத்தம். கொடுக்கத் தொடங்கினால் கரையும், அவர் பிழைப்பார். நான் கொடுத்தவள் என்பதால் இது சதை. நான் யோக்கியமானவளாக இருக்கிறவரைக்கும் அவருக்கு வழியில்லை. அவ்வளவு நாளாக எந்தப் பேருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டேனோ, அந்தப் பேர் அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டாததாகிவிட்டது.

"ஐயா, நான் பொய் சொல்லிட்டேங்க" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "நான் மாத்திரை குடுக்கவே இல்லைங்கய்யா. நீங்க சொன்னது நெசம். தூக்கிப் போட்டுட்டேன். இனிமே குடுக்கிறேன். நிப்பாட்டாதீங்க."

டொக்டர் திகைத்துப்போனார். "அப்ப நேற்று அந்த ரத்தம்?"

"அது அட்டைங்க. அட்டை கடிச்சா யாருக்குமே ரத்தம் நிக்காதுங்க. எங்க ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. அது மாத்திரையால இல்ல, அட்டையால."

அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் யோசித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு பொய் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ஐயா."

என் வீட்டுக்காரர் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். டொக்டர் தாழ்ந்த குரலில் சொன்ன எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. நான் கத்தினது மட்டும்தான் விழுந்திருக்கிறது.

"அவ சொல்றத நம்பாதீங்கய்யா. ஒரு வேளகூடத் தவறவிட்டதில்ல. நான் தூங்கிட்டாக்கூட எழுப்பி வாயில போட்டுட்டுத்தான் போவா." மூச்சு வாங்கினார். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். "நீங்க ஏசினப்பல்லாம் நான் பேசாம இருந்துட்டேன். பொம்பள மனசு நொந்து இப்பிடிப் பேசுறா. நான் சாட்சிங்கய்யா. அவ ஒழுங்காத்தான் குடுத்தா."

எத்தனை மாதமாக நான் கெஞ்சிய வார்த்தை அது.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. ரெண்டு படத்தையும் மெதுவாக உறைக்குள் போட்டார். போகிற வழியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "தெரியும். அவ ஒழுங்காத்தான் குடுத்தவ" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அவர் மழை முடிகிறவரை இருந்தார், அதே ஆஸ்பத்திரியில்தான் உயிர் போனது. பிறகு உடம்பைத் திறந்து பார்க்கலாமா என்று டொக்டர் கேட்டபோது கொழுந்தன் வேண்டாம் என்று அழுதான். நான் சரி என்றேன். டொக்டர் சொன்னதுதான் உள்ளே இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச நாள் அவர் வீட்டில் இருந்தார். வந்த வாரமே சவரம் செய்யவேண்டும் என்றார். தாடிக்குள்ளே ஒளிந்திருந்த முகம் வெளியே வந்தபோது எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று தெரிந்து நான் இஸ்தோப்பில் திரும்பி நின்றுகொண்டேன். சவரக்காரர் கை தவறித் தாடைக்குக் கீழே கத்தி பட்டுவிட்டது. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பழக்கதோஷத்தில் நான் துணியோடு பாய்ந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைத் தடுத்து, கண்ணாடியைப் பிடித்து அந்த இடத்தையே பார்த்தார். அந்தச் சொட்டு அப்படியே நின்றது. பிறகு கறுத்துக் காய்ந்தது.

"பாத்தியா, நின்னுருச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. "ரத்தம் சரியாயிருச்சு புள்ள. எனக்குக் குணமாகுது."

"ஆமாங்க" என்றேன். இந்தப் பொய்யை மட்டும் அவர் நம்பினார்.